60 குண்டுகளுக்கும் ஒரே பிடி: கைத்துப்பாக்கியின் மரக் கைப்பிடியை வீரர்கள் தாமே செதுக்குவது ஏன்?

கோபர்கைரனே (நவி மும்பை):

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கைத்துப்பாக்கியில் குண்டேற்றும் நெம்புகோல் உடைந்தது. அதை மாற்றுவதற்கு முதலில் கைப்பிடியைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு நெம்புகோல், விசையின் மின்சுற்று என ஒவ்வொன்றாகப் பிரித்து மீண்டும் பொருத்த வேண்டியிருந்தது. அவர் தமது இடத்துக்குத் திரும்பியபோது 44 குண்டுகள் மீதமிருந்தன. எஞ்சியிருந்த நேரமோ 38 நிமிடங்கள் மட்டுமே. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம் பெற்ற அவர், இரண்டு புள்ளிகளில் இறுதிச்சுற்று வாய்ப்பை இழந்தார்.

அதே வீராங்கனை 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் மற்றொரு வெண்கலமும் வென்றார் என்பது அனைவரும் அறிந்ததே. அதன் பிறகு ஏர் பிஸ்டல் பயிற்சியில் ஆர்வம் கொண்ட பள்ளி மாணவர்களும் பெற்றோரும் பெரும்பாலும் துப்பாக்கியின் விலையையும் நிறுவனத்தின் பெயரையுமே விசாரிக்கின்றனர். கைப்பிடியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் குழல், காற்றுக்கலன், விசை ஆகிய அனைத்தும் தொழிற்சாலையில் முடிவு செய்யப்பட்டு வருபவை. கைப்பிடி ஒன்றுதான் சுடுபவரின் கைக்கேற்பச் செதுக்கியும் பூசியும் மாற்றத்தக்கது. அப்படி மாற்றப்பட வேண்டியதும் அதுவே.

ஆங்கிலத்தில் மரத்தாலான பாகத்தையும் அதைப் பற்றும் செயலையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். தமிழில் 'கைப்பிடி' என்பது பொருள். 'பிடி' என்பது செயல். மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இந்த விளையாட்டில் அது முக்கியமானது. ஒவ்வொரு முறையும் ஒரே பிடி அமைய வேண்டும் என்பதற்காகவே கைப்பிடி செதுக்கப்படுகிறது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளிகளுக்குரிய வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த வட்டத்தை 4.5 மில்லிமீட்டர் குண்டினால் தொட வேண்டும். ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. பாரிஸில் துருக்கி வீரர் யூசுப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுட்ட படம் உலகெங்கும் பரவியது. பார்ப்பவர்களுக்கு அது அலட்சியமாகத் தோன்றினாலும், பயன்படாத கையை அசையாமல் வைத்துக்கொள்ள ஏர் பிஸ்டல் வீரர்கள் பலரும் கையாளும் வழக்கம்தான் அது.

குழலின் முனையில் சிறு கட்டைபோல் நிற்பது முன்குறி. பின்புறம் சதுரப் பள்ளத்துடன் இருப்பது பின்குறி. பள்ளத்தின் நடுவே முன்குறி நிற்க வேண்டும். அதன் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும்.

இங்கு ஒரு எளிய கணக்கு உதவும். இரு குறிகளுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது எனக் கொள்வோம். மணிக்கட்டின் திருகலால் முன்குறி ஒரு மில்லிமீட்டர் மட்டும் விலகினால், 10 மீட்டர் தொலைவில் அந்த விலகல் சுமார் 31 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். நடுவில் பட வேண்டிய குண்டு 7-ஆம் வளையத்தில் போய்ப் படும். மாறாக, குறிகள் இரண்டும் நேராக இருக்க, முழுக் கையும் துப்பாக்கியோடு சேர்ந்து 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மில்லிமீட்டர் மட்டுமே விலகும். அது இன்னும் 10 புள்ளி வளையத்துக்குள்தான் இருக்கும்.

புதிதாகப் பயில்பவர்கள் கை நடுங்குகிறதே என்று கவலைப்படுகின்றனர். உண்மையில் நடுக்கத்தைவிடத் திருகலே அதிகப் புள்ளிகளைப் பறிக்கிறது. அந்தத் திருகலுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, கையோடு பொருந்தாத கைப்பிடி. பொருந்தாத மரத்தைப் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துக் குறிகளை நேராக்குகிறார். தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுட வேண்டும். அதற்கு முன் 15 நிமிடங்கள் ஆயத்தமும் சோதனைச் சுடுதலும் உண்டு. ஏறத்தாழ ஒரு கிலோ எடையை நீட்டிய ஒற்றைக் கையில் அத்தனை முறை உயர்த்தும்போது, மணிக்கட்டு எப்போதும் ஒரே அளவில் வளைந்து கொடுக்காது.

கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை

கைப்பிடி பொருந்துகிறதா என்பதை அறிய உலகெங்கும் பயிற்சியாளர்கள் கையாளும் சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வெற்றுச் சுவரை நோக்கி நின்று, கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் துப்பாக்கியைப் பற்றி உயர்த்தி, கை அமைதியடைந்த பின் கண்களைத் திறக்க வேண்டும். முன்குறி பள்ளத்தின் நடுவே நின்றால் கைப்பிடி பொருந்துகிறது. இடப்புறமோ வலப்புறமோ ஒதுங்கியிருந்தால் கைப்பிடி கையைத் திருப்புகிறது. மேலே எழும்பியோ தாழ்ந்தோ தெரிந்தால் கைப்பிடியின் சாய்வு மணிக்கட்டுக்கு ஏற்றதாக இல்லை.

ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. இருபது முறை செய்து, ஒவ்வொரு முறையும் முன்குறி எங்கே நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருபதில் பதினைந்து முறை ஒரே பக்கம் ஒதுங்கினால் அது கைப்பிடியின் குறை. முறைக்கு ஒரு பக்கமாக மாறினால் குறை மரத்தில் இல்லை. பற்றும் பழக்கம் இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள். பின்னவர் அரத்தைக் கையில் எடுக்கவே கூடாது.

கோபர்கைரனே போன்ற பகுதிகளில் சிட்கோ கட்டிய சிறு வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு 10 மீட்டர் நீளமுள்ள அறை கிடைப்பது அரிது. ஆனால் இந்தச் சோதனைக்குச் சுவரை நோக்கித் துப்பாக்கியுடன் கையை நீட்டி நிற்க இடமிருந்தாலே போதும். குண்டில்லாப் பயிற்சியாகவே இருப்பினும், சுவருக்கு அப்பாலோ எதிரிலோ ஆள் நடமாடும் திசையை நோக்கித் துப்பாக்கியை உயர்த்தக்கூடாது என்ற ஒழுங்கு இங்கும் பொருந்தும்.

மெழுகும் அரமும்

போட்டித் துப்பாக்கிகளின் கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரத்தால் செய்யப்படுகிறது. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளிலும், வலக்கை, இடக்கை எனத் தனித்தனியாகவும் கிடைக்கிறது. ஒரே அளவுள்ள இரு கைகளில் ஒன்றுக்கு விரல்கள் நீளமாகவும், மற்றொன்றுக்கு உள்ளங்கை அகலமாகவும் இருக்கலாம். அளவு எண்ணால் அந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. எனவே கடையில் வாங்கிய கைப்பிடி எவருக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது சுட்டுவிரல். விரல்நுனிக்கும் முதல் மூட்டுக்கும் இடைப்பட்ட சதைப்பகுதி விசையின் மீது படிய வேண்டும். அந்த விரல் கைப்பிடி மரத்தின் பக்கவாட்டைத் தொடவே கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி நுழைந்து வெளிவர வேண்டும். மரம் விரலைத் தொட்டால், விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியும் சேர்ந்து ஒரு பக்கம் தள்ளப்படும். ஏர் பிஸ்டலில் விசையின் குறைந்தபட்ச எடை 500 கிராம் மட்டுமே என்பதால் அந்தச் சிறு தள்ளலும் இலக்கில் தெரிந்துவிடும்.

அடுத்தது நடுவிரல். துப்பாக்கியின் பாரத்தைப் பெருமளவு தாங்குவது அதுவே. விசைக்காப்பின் கீழ்ப்புறம் நடுவிரல் ஒட்டி அமரும் இடத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால் அரை மணி நேரத்தில் வலி தொடங்கும். பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையையும் விரல்களையும் பார்த்தால் சிவந்த இடங்கள் தெரியும். மரத்தில் எங்கே குறைக்க வேண்டும் என்பதைத் தோலே காட்டிவிடுகிறது. இன்னும் துல்லியமாக அறிய, சிலர் மரத்தின் மீது உதட்டுச்சாயத்தையோ சுண்ணத்தூளையோ மெல்லப் பூசிப் பற்றிப் பார்க்கின்றனர். கையில் அடர்த்தியாக ஒட்டும் இடம் மேடு. ஒட்டாத இடம் பள்ளம்.

மேட்டைக் குறைப்பதற்கு மர அரமும் உப்புத்தாளும் போதுமானவை. 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, 240 என மென்மையானவற்றுக்குச் செல்வது வழக்கம். மின்சாரக் கடைசல் கருவியைக் கொண்டு வேலையை விரைந்து முடிக்கலாம் என்ற எண்ணம் வரும். அதைத் தவிர்ப்பது நல்லது. அரத்தால் பத்து முறை தேய்த்து எடுக்கும் அளவை அந்தக் கருவி ஒரு நொடியில் எடுத்துவிடும். எடுத்த மரம் திரும்பி வராது.

பள்ளத்தை நிரப்புவதற்கு மரமெழுகோ, வன்பொருள் கடைகளில் கிடைக்கும் எம்-சீல் போன்ற இரு கூறு மெழுகோ பயன்படுகிறது. இரண்டு கூறுகளையும் பிசைந்து, பள்ளத்தில் அப்பி, அதன் மேல் மெல்லிய நெகிழித் தாளைப் போர்த்தி, வழக்கமான அழுத்தத்தில் பற்ற வேண்டும். பிசையும்போது கையுறை அணிவது தோலுக்கு நல்லது. மும்பையில் வாழ்ந்து பயிற்சி பெற்றவரும், 2014-இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்திய பிஸ்டல் வீராங்கனையுமான ஹீனா சித்து, பல் மருத்துவம் பயின்றவர். பல் மருத்துவர்கள் பல்லின் அச்சை எடுப்பதற்கும் இந்த வேலைக்கும் உள்ள ஒற்றுமை சுவையானது. இரண்டிலும் மெழுகு இறுகும் வரை அசையாமல் இருப்பதே கடினம்.

இறுகப் பற்றி அச்செடுப்பதுதான் இதில் அடிக்கடி நிகழும் தவறு. மெழுகு கையில் வழியும் அளவுக்கு அழுத்தினால், பிறகு ஒவ்வொரு முறையும் அதே இறுக்கத்துடன் பற்றினால்தான் கை அந்த அச்சுக்குள் அமரும். அந்த இறுக்கமே நடுக்கத்தை உண்டாக்கும். சுடும்போது எவ்வளவு அழுத்தமோ அவ்வளவே அச்சிலும் பதிய வேண்டும். விரல்களுக்கு இடையே மேடாக எழும்பும் மெழுகை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. அடுத்த நாள் கை சற்று வீங்கியிருந்தால் விரல்கள் அந்த வாய்க்கால்களில் அமராது.

ஜெர்மனியின் ரிங்க் போன்ற நிறுவனங்கள், வாடிக்கையாளர் தாளில் வரைந்து அனுப்பும் கையின் உருவரையைக் கொண்டு மரத்தில் கைப்பிடி கடைந்து தருகின்றன. வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல தொடக்கம். அப்படி வரும் கைப்பிடியிலும் இறுதித் திருத்தத்தைக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மும்பையின் மழைக்காலம்

ஐரோப்பிய நூல்களில் அதிகம் பேசப்படாத ஒன்று ஈரப்பதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிச் சற்றே உப்பும். கையும் வியர்க்கும். இந்த நிலையில் கைப்பிடிக்குப் பளபளப்பான வார்னிஷ் பூசினால் அது வழுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து ஊறவிடுவதே பொருத்தமானது. உள்ளங்கை படும் பகுதியில் சிறு ஆணியாலோ துளைப்பானாலோ நெருக்கமாகப் புள்ளிகள் குத்திச் சொரசொரப்பாக்கினால் வியர்வையிலும் பிடி நிற்கும். ஆனால் குத்துவதை வேலையின் கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டும். பொருத்தம் முடியும் முன் குத்தினால், அடுத்த திருத்தத்தில் உப்புத்தாள் அத்தனை புள்ளிகளையும் அழித்துவிடும்.

விதி அனுமதிக்கும் எல்லை

கைக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும், போட்டியில் பயன்படுத்த முடியாவிட்டால் கைப்பிடியால் பயனில்லை. சர்வதேச துப்பாக்கி சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஏர் பிஸ்டலின் மொத்த எடை 1,500 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கைப்பிடியுடன் சேர்த்து முழுத் துப்பாக்கியும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம் கொண்ட சோதனைப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். வீட்டில் மெழுகு பூசுபவர்கள் மீறிவிடுவது பெரும்பாலும் இந்த 50 மில்லிமீட்டரைத்தான். பெருவிரல் பக்கம் சிறிது, உள்ளங்கைப் பக்கம் சிறிது என்று சேர்த்துக்கொண்டே போனால், துப்பாக்கி பெட்டிக்குள் நுழையாமல் நின்றுவிடும்.

கைப்பிடியின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக்கூடாது. மணிக்கட்டு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அந்தக் கையில் கைக்கடிகாரமோ பட்டையோ அணியக்கூடாது. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும் தட்டு, கைப்பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் அமைய வேண்டும். அந்தத் தட்டு கையை நோக்கி மேலே வளைந்திருக்கக்கூடாது. போட்டிக்கு முன் நடைபெறும் கருவிப் பரிசோதனையில் இவை பார்க்கப்படுகின்றன. போட்டி முடிந்த பின்னரும் சிலரைத் தெரிவு செய்து மீண்டும் சோதிப்பர். அப்போது விதிமீறல் தெரிந்தால் தகுதி நீக்கம்தான்.

50 மீட்டர் பிஸ்டல் பிரிவில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இல்லை. கையுறைபோல் கையைச் சுற்றிக்கொள்ளும் கைப்பிடிகளை அங்கு காணலாம். 2014-ஆம் ஆண்டு இன்சியான் ஆசிய விளையாட்டில் ஜீத்து ராய் தங்கம் வென்றது அந்தப் பிரிவில்தான். 2016 ரியோ ஒலிம்பிக்குடன் அது ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இடக்கை வீரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வலக்கைக் கைப்பிடியை எவ்வளவு செதுக்கினாலும் அது இடக்கைக்கு ஆகாது. தனியாகவே வாங்க வேண்டும். ஹங்கேரியின் கரோலி டகாச்ஸ் 1938-இல் கையெறிகுண்டு வெடித்ததில் வலக்கை சிதைந்த பின், இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். துப்பாக்கி அவருக்குப் புதியதன்று. பிடியை மட்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

மரத்தை மட்டும் கொண்டு செல்லுங்கள்

10 மீட்டர் ஏர் பிஸ்டலின் குண்டு வெளியேறும் ஆற்றல் ஏறத்தாழ 6 ஜூல். 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 25 மீட்டர் பிரிவில் பயன்படும் .22 கைத்துப்பாக்கியின் நிலை வேறு. அது உரிமம் தேவைப்படும் ஆயுதம். அதைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் பெற்றவருக்கே அனுமதி உண்டு.

கைப்பிடி ஓரிரு திருகுகளால் பொருத்தப்பட்ட மரத்துண்டு. அதைக் கழற்றிய பின், துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டு, மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாராவியிலோ செம்பூரிலோ தெரிந்த தச்சரிடம் செல்லலாம். கை நேர்த்தியுள்ள தச்சர் அரை மணி நேரத்தில் செய்துவிடும் திருத்தங்கள் இதில் பல உண்டு. ஆனால் எங்கே, எவ்வளவு என்பதைப் பென்சிலால் குறித்துக் கொடுப்பது சுடுபவரின் பொறுப்பு. விசை, குழல், காற்றுக்கலன் ஆகியவற்றில் கோளாறு என்றால் அது பயிற்சி பெற்ற ஆயுதத் தொழில்நுட்பரின் வேலை. வீட்டு மேசையில் திருப்புளியுடன் முயலத்தக்கதன்று.

பயிற்சி மையத்தின் துப்பாக்கியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடங்களில் கைப்பிடியைச் செதுக்க வழியில்லை. உள்ளங்கைத் தட்டை ஏற்றி இறக்கும் திருகு மட்டுமே அங்கு கைகொடுக்கும். சொந்தத் துப்பாக்கி வாங்குவோரில் பலர் பழையதை வாங்குகின்றனர். அதில் முந்தைய உரிமையாளரின் கை ஏற்கெனவே பதிந்திருக்கும். துப்பாக்கியின் விலையைப் பேசும்போதே புதிய கைப்பிடியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவது பெற்றோருக்கு நல்லது. இயன்றால் இரண்டு கைப்பிடிகள் இருக்கட்டும். ஒன்றை வந்தபடியே வைத்துக்கொண்டு மற்றொன்றைச் செதுக்கலாம். செதுக்கியது கெட்டாலும் பயிற்சி நிற்காது.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கைப்பிடியைத் தொடாமல் விட்டுவிடுவது நலம். புதிய வடிவத்துக்குக் கை பழகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும். 13, 14 வயதில் தொடங்கும் மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் உருவரை எடுத்து, தேதி குறித்து வைக்க வேண்டும். விரல்கள் வளர்ந்திருந்தால், சென்ற ஆண்டு பூசிய மெழுகை இந்த ஆண்டு சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.